சேணத்துக்குள் ஒரு மரம்

நாம் பணியாற்றும் கல்லூரியில் முதுகலைத் தமிழ் மாணவர்களுக்கு மொழிபெயர்ப்பியல் ஒரு தாளாக உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவின் மேற்குச் சமவெளியைக் களமாகக் கொண்ட கதைப்பகுதி ஒன்றைப் பயிற்சிக்காக அளித்திருந்தோம். மாடு மேய்ப்பவன் ஒருவன் முரட்டுக் காளையைச் சுருக்குக் கயிற்றால் பிடிக்கிறான்; இழுவிசை தாங்காமல் ‘சாடில் ட்ரீ’ முறிகிறது; அவன் கீழே விழுகிறான். மாணவர் ஒருவர் அத்தொடரைச் ‘சேணம் மாட்டிவைக்கும் மரம்’ என்று பெயர்த்திருந்தார். எங்கோ ஒரு மரம் முறிய, வேறெங்கோ குதிரைமேல் இருந்தவன் விழுந்தான்!

சிவப்பு மையால் அதைச் சுழித்த நமக்கு, சரியான சொல் எது என்று எழுதத் தெரியவில்லை. சேணம் என்றால் தோலும் மெத்தையும் என்றே நாமும் எண்ணியிருந்தோம். அகராதிகளையும் பிற நூல்களையும் புரட்டிய பின்னரே, தோலுக்கு உள்ளே மரத்தாலான ஒரு சட்டகம் இருப்பதும், சேணத்தின் உயிர்நிலை அதுவே என்பதும் விளங்கின. அடுத்த வகுப்பில் அதை விளக்கி முடித்தபோது அம்மாணவர் எழுந்து, “ஐயா, மரம் முறிந்து அவன் விழுந்துவிட்டான். சரி, அந்தக் குதிரைக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்டார். கதையில் அதற்கு விடை இல்லை. அந்தக் கேள்வியின் பின்னால் நாம் நெடுந்தொலைவு போக நேர்ந்தது. அப்பயணத்தில் கண்டவற்றையே இங்கே அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் சொல். ஆங்கிலத்தில் ‘ட்ரீ’ என்பது நிற்கும் மரத்தை மட்டுமன்றி, வெட்டிச் செதுக்கிய மரத்துண்டையும் பழங்காலத்தில் குறித்தது. வண்டியின் அச்சுமரத்தை ‘ஆக்ஸில்ட்ரீ’ என்பது அவ்வழக்கின் எச்சம். ஸ்பானிய மொழியில் சேணச் சட்டகத்துக்குப் பெயர் ‘ஃபுஸ்தே’; கோல், தடி என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நமக்கு இது புதியதன்று. பாய்மரம் என்கிறோம், கட்டுமரம் என்கிறோம். ஆகவே ‘சேணமரம்’ என்றே சொல்லலாம் என்று துணிந்தோம். மாணவரின் பெயர்ப்பில் மரம் தவறன்று. அது நின்ற இடந்தான் தவறு.

முதுகின் இலக்கணம்

சேணமரம் ஏன் வேண்டும் என்பதை அறியக் குதிரையின் முதுகை அறிதல் வேண்டும். குதிரையின் நெஞ்சுப் பகுதியில் பொதுவாகப் பதினெட்டு முள்ளெலும்புகள் உள்ளன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு முள் நீட்சி எழுந்து நிற்கிறது. முன்பக்கத்தில், தோள்களுக்கு நடுவே, இந்நீட்சிகள் மிக உயர்ந்து ஒரு மேடாகின்றன. அதைத் தோள்மேடு என்போம். மாட்டின் திமிலைப் போன்ற தசைத்திரள் அன்று அது. தோலுக்கு மிக அருகே எலும்பு நிற்கும் இடம். முதுகெலும்பின் இருபுறமும் நீளவாட்டில் தசைகள் ஓடுகின்றன. அவற்றின் கீழே விலா எலும்புகள் வளைந்து தாங்குகின்றன.

மனிதனின் எடையை ஏற்கத்தக்க இடம் அந்த இருபுறத் தசைகளே. முதுகெலும்பின் மேல் நேராகச் சுமை விழுதல் கூடாது. முன்னே தோள்பட்டை எலும்பும் தடை செய்கிறது. குதிரை முன்காலை நீட்டும்போதெல்லாம் அந்த எலும்பின் மேல்முனை பின்னோக்கிச் சுழல்கிறது. பின்னே, கடைசி விலாவுக்கு அப்பால் இடுப்பு. அங்கே கீழிருந்து தாங்க விலா இல்லை. ஆக, முன்னே தோள், பின்னே இடுப்பு, நடுவே தண்டு என மூன்றையும் விலக்கிய பின் எஞ்சும் இரண்டு நீள்பட்டைகளே சுமைக்கு உரிய இடம். குதிரை நிற்கையில் ஒரு வடிவமும், நடக்கையில் வேறொன்றும், முதுகைத் தூக்கித் திரும்புகையில் இன்னொன்றுமாக அவ்விடமும் மாறிக்கொண்டே இருக்கிறது.

மென்மையான மெத்தை ஒன்றைப் போட்டு ஏறி அமர்ந்தால் எடை முழுதும் அமர்ந்தவனின் இருக்கை எலும்புகளின் கீழ் ஓரிடத்தில் குவியும். விறைப்பான சட்டகம் ஒன்று இருந்தால் அதே எடை நீளவாட்டில் பரவும். இரு பட்டைகளுக்கும் நடுவே இடைவெளி விட்டால் தண்டெலும்பும் தப்பும். சேணமரத்தின் அடிப்படை இவ்வளவே. இந்த எளிய உண்மையை வந்தடைய மனிதனுக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

மரத்துக்கு முன்னும் பின்னும்

சைபீரியாவின் அல்தாய் மலையில், பாசிரிக் என்னும் இடத்துப் புதைமேடுகளில், உறைபனி காத்துவைத்த சேணங்கள் கிடைத்தன. மிகயீல் கிரியாஸ்னோவ் 1929இலும், செர்கேய் ருதென்கோ 1947 முதல் 1949 வரையிலும் அங்கே அகழாய்வு செய்தனர். கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து மூன்றாம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சேர்ந்தவை அவை. கம்பளத்தாலும் தோலாலும் விலங்குருக்களை ஒட்டித் தைத்த அழகு இன்றும் வியப்பூட்டுவது. உள்ளே மயிர் அடைத்த இரு மெத்தைகள் உண்டு. அவற்றைத் தாங்கும் விறைப்பான சட்டகம் இல்லை.

அந்த அழகிய சேணங்களைச் சுமந்த காலத்துக் குதிரைகள் என்ன சொல்கின்றன? அல்தாயின் அக்-அலாகா புதைமேட்டில் கிடைத்த குதிரை எலும்புகளை மார்ஷா லெவைன் என்னும் தொல்விலங்கியலாளரின் குழு ஆராய்ந்தது. சவாரி செய்பவன் அமரும் இடத்துக்குக் கீழுள்ள முள்ளெலும்புகளில் சிதைவுகளும் மிகைவளர்ச்சிகளும் காணப்பட்டன. பிற்காலத்துத் துருக்கிய மக்களின் குதிரைகளிலோ, அதாவது மரச்சட்டகச் சேணம் பூண்ட குதிரைகளிலோ, அத்தகைய கேடு குறைவாக இருந்தது. இருபத்து மூன்று நூற்றாண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த முதுகெலும்பு ஒரு சேணத்தைப் பற்றிச் சாட்சி சொல்கிறது என்பதைப் படித்தபோது நாம் சற்று நேரம் நூலை மூடிவைத்தோம்.

உரோமானியரின் சேணத்தில் நான்கு கொம்புகள் இருந்தன. முன்னிரண்டும் பின்னிரண்டுமாக அவை வீரனின் தொடைகளைப் பற்றிக்கொண்டன. அங்கவடி அவர்களிடம் இல்லை. கொம்புகளுக்கான வெண்கலத் தகடுகளும் தோலுறைகளும் அகழாய்வுகளில் கிடைத்துள்ளன. உள்ளே மரச்சட்டகம் இருந்தது என்று கொண்டு பீட்டர் கானலி 1980களில் அச்சேணத்தை மீண்டும் செய்து, ஏறிப் பார்த்தும் காட்டினார். மரம் இல்லாமலே அது நின்றிருக்கும் என்போரும் உளர். மரம் மக்கிவிடும், தோலும் வெண்கலமும் மிஞ்சும். வாதம் முடியாமல் நிற்பதற்கு அதுவே காரணம்.

மக்காமல் மிஞ்சிய மரமும் ஒன்று உண்டு. மேற்கு மங்கோலியாவில், ஊர்த் உலான் ஊனேத் என்னும் குகைப் புதையிடத்தில், பூர்ச்ச மரத்தால் ஆன சேணம் ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ ஆறு துண்டுகளை மர ஆணிகளால் இணைத்துச் செய்தது. வில்லியம் டெய்லரும் அவர்தம் குழுவினரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, அதைக் கி.பி. 420ஐ ஒட்டிய காலத்தது என்று கணித்தது. அங்கவடியுடன் கூடிய மரச்சேணங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. சீனத்தில் சாங்ஷா நகரக் கல்லறை ஒன்றில் கிடைத்த கி.பி. 302ஆம் ஆண்டுச் சுடுமண் உருவத்தில் ஏறுவதற்கு மட்டுமான ஒற்றை அங்கவடி காணப்படுகிறது, கி.பி. 415இல் இறந்த ஃபெங் சூஃபு என்பாரின் கல்லறையில் இணை அங்கவடிகள் கிடைத்தன. ஆக, நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் கிழக்காசியாவில் மரமும் அங்கவடியும் சேர்ந்தே வளர்ந்தன எனலாம்.

அவை சேர்ந்து வளர்ந்தது தற்செயல் அன்று. அங்கவடியை மெத்தையிலிருந்து ஒரு வாரால் தொங்கவிட்டு அதன்மேல் எழுந்து நின்றால், முழு எடையும் அந்த வார் செல்லும் ஒரு கோட்டில் குதிரையின் முதுகை அறுக்கும். அதைப் பரப்பிக்கொடுக்க மரம் வேண்டும்.

ஆயினும் வரலாற்றாசிரியர்களின் கண் அங்கவடியின் மேலேயே நின்றது. லின் ஒயிட் 1962இல் வெளியிட்ட நூலில், அங்கவடி வந்ததால் ஈட்டியேந்திய குதிரைப்போர் வந்தது, அதனால் ஐரோப்பிய நிலமானிய முறையே வந்தது என்று வாதிட்டார். பின்வந்தோர் அக்கருத்தைக் கடுமையாக மறுத்தனர்; உயர்ந்த பின்மேடு கொண்ட மரச்சேணத்தின் பங்கையும் எடுத்துக் காட்டினர். இரு சாராரும் பேசியது மேலே அமர்ந்தவனின் உறுதியைப் பற்றியே.

கொம்பு முளைத்த கதை

இனி அமெரிக்கச் சேணத்துக்கு வருவோம். எர்னான் கோர்த்தேஸ் 1519இல் மெக்சிகோக் கரையில் இறங்கியபோது அவரிடம் பதினாறு குதிரைகள் இருந்தன. உடன்சென்ற வீரர் பெர்னால் தியாஸ் முதுமையில் எழுதிய நூலில் அவற்றின் நிறத்தையும் குணத்தையும் ஒவ்வொன்றாக நினைவுகூர்கிறார். ஸ்பானியரிடம் அப்போது இருவகைச் சவாரி வழக்கில் இருந்தது. கால்களை நீட்டி, ஆழ்ந்த சேணத்தில் ஊன்றியிருக்கும் கனத்த படைவீரர் முறை ஒன்று. மூர்களிடமிருந்து கற்ற, குட்டை அங்கவடியில் முழங்கால் மடித்து விரைந்து திரும்பும் முறை மற்றொன்று. இரண்டும் கடல் கடந்தன.

புதிய நிலத்தில் போர் ஓய்ந்ததும் மாடு பெருகியது. பூர்வகுடிகள் குதிரை ஏறக்கூடாது என்று தொடக்கத்தில் விதித்த தடை, மாடுகளை மேய்க்க ஆள் போதாமையால் தளர்ந்தது. அவ்வாறு உருவானவர்களே வக்கேரோக்கள் என்னும் மாட்டுக்காரர்கள். அவர்களுக்கு ஈட்டி தாங்கும் சேணம் தேவையில்லை. காளையைக் கட்டி நிறுத்தும் சேணம் தேவை. சுருக்குக் கயிற்றின் மறுமுனையைச் சுற்றிக்கொள்ளச் சேணத்தின் முன்பகுதியில் ஒரு கொம்பு முளைத்தது. ‘சுற்றிக்கொள்’ என்னும் பொருளுடைய ஸ்பானியத் தொடர் ஆங்கிலம் பேசுவோர் வாயில் ‘டாலி’ ஆயிற்று; ‘லா ரியாத்தா’ என்ற கயிறு ‘லாரியட்’ ஆயிற்று; வக்கேரோவே ‘பக்கரூ’ ஆனான். கௌபாய் என்று உலகம் அறிந்த உருவத்தின் தொழிற்சொற்களுள் பல மெக்சிகோவின் கொடை.

கொம்பு வந்ததும் சேணமரத்தின் பொறுப்பே மாறிவிட்டது. அதுவரை மேலிருந்து கீழே வரும் எடையைத் தாங்கினால் போதும். இப்போது முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், ஓடும் காளையின் விசை முழுதும் ஒரு சிறு கொம்பின்மேல் விழுந்தது. அவ்விசை சேணத்தின் முன்பக்கத்தைத் தோள்மேட்டில் அழுத்தி, பின்பக்கத்தைத் தூக்கும். டெக்சாசில் குட்டைக் கயிற்றைக் கொம்பிலேயே இறுகக் கட்டிவிடுவது வழக்கம். ஆகவே அங்கே பின்பக்கம் எழாமலிருக்க இரண்டாம் வயிற்றுவார் வந்தது. கலிபோர்னியாவில் பச்சைத்தோலால் பின்னிய நெடுங்கயிற்றைக் கொம்பில் சுற்றி, சற்றே வழுக்கவிட்டு விசையைத் தணிப்பார்கள். அங்கே ஒற்றை வாரே போதுமானதாக இருந்தது. கயிற்றின் நீளம் வாரின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது. அது குதிரையின் வலியையும் தீர்மானித்திருக்கும்.

மரம் செய்யும் முறை

சேணமரத்துக்கு உறுப்புகள் ஐந்து. குதிரையின் முதுகில் இருபுறமும் படியும் இரண்டு நீள்பட்டைகள். அவற்றை முன்னே இணைக்கும் கவை. பின்னே இணைக்கும் பின்மேடு. கவையின் மேல் கொம்பு. கிளை பிரியும் இடத்துக்குத் தமிழில் கவை என்று பெயர். ஆங்கிலத்திலும் இவ்வுறுப்பைக் கவை என்னும் பொருள்படும் ‘ஃபோர்க்’ என்ற சொல்லாலேயே குறிக்கின்றனர். முற்காலத்தில் இயல்பாகவே கவட்டையாக வளர்ந்த கிளையைத் தேர்ந்து செதுக்கியதும் உண்டு. பின்னர்ப் பல பலகைகளை ஒட்டிக் கவையைச் செய்யலாயினர்.

நீள்பட்டைகளே தச்சனின் தேர்வுக்களம். பைன் போன்ற மென்மரத்தில், உளியாலும் அரத்தாலும் அவற்றுக்கு உருக்கொடுக்கிறார்கள். ஒரு பட்டையில் நான்கு வளைவுகள் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. முன்னிருந்து பின்னாக, தொட்டிலின் அடிக்கட்டை போன்ற வளைவு ஒன்று. முன்னே செங்குத்தாகச் சரிந்து பின்னே படுக்கையாக விரியும் முறுக்கு இரண்டாவது. இரு பட்டைகளுக்கும் இடையிலான சாய்வு மூன்றாவது. விளிம்புகள் குதிரையின் உடலைக் குத்தாமல் வெளிநோக்கி விரிதல் நான்காவது. ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றும் மாறும். வலப்பட்டை இடப்பட்டையின் கண்ணாடி உருவாக அமைய வேண்டும். சிறு வேறுபாடும் ஒருபுறத் தசையில் கூடுதல் சுமையாகும்.

மரத்தை இணைத்த பின் அதற்குத் தோல் போர்த்துகிறார்கள். பதனிடாத பச்சைத்தோல், நீரில் ஊறவைத்து, ஈரத்தோடு மரத்தின்மேல் இழுத்து, அதே தோலால் அறுத்த வாரினால் தைப்பார்கள். உலர உலரத் தோல் சுருங்கி மரத்தை இறுக்கும். பறைக்கும் தவிலுக்கும் தோல் போர்த்துவோர் அறிந்த உண்மைதான் இது. வேறுபாடு ஒன்றே: அங்கே இறுக்கம் ஒலியாகிறது, இங்கே வலிமையாகிறது. வெறும் மரமாக இருந்தால் முதற்காளையிலேயே பிளந்துபோகும் சட்டகம், தோல் இறுகிய பின் தலைமுறை கடந்தும் நிற்கும். உலர்த்துவதில் அவசரம் ஆகாது. ஒருபுறம் விரைந்தும் மறுபுறம் தாமதித்தும் உலர்ந்தால், சுருங்கும் தோல் மரத்தையே முறுக்கிவிடும். ஆகவே பல நாட்கள் நிழலில் மெல்ல உலரவிட்டு, பின் ஈரம் ஏறாதபடி மெருகெண்ணெய் பூசுவார்கள்.

பெருஞ்சமவெளிகளில் வாழ்ந்த பூர்வகுடிப் பெண்களும் இக்கலையை நன்கறிந்திருந்தனர். மரத்தாலோ மான்கொம்பாலோ சட்டகம் அமைத்து, ஈரப் பச்சைத்தோலைப் போர்த்தித் தைத்து, முன்னும் பின்னும் உயர்ந்த சேணங்களை அவர்கள் செய்தனர். அருங்காட்சியகங்களில் அவை உள்ளன. செய்தவர் பெயர் பெரும்பாலும் இல்லை.

பெயரின்மை அவர்களுக்கு மட்டும் உரியதன்று. சேணத்தின் மேற்தோலில் பூவும் கொடியும் செதுக்கி முடித்த பின், சேணக்கலைஞர் தம் பெயரை முத்திரையாக அடிப்பார். உள்ளே மரம் செய்தவர் பெரும்பாலும் வேறொருவர். அவர் வேலை முழுதும் தோலுக்குள் மறைந்துவிடும். மரம் முறியும் நாளில்தான் அவர் நினைக்கப்படுவார்.

யாருக்கு அளவெடுத்தது?

இங்கே நாம் மாணவரின் கேள்விக்கு அருகே வருகிறோம். சேணம் யாருக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது?

உள்நாட்டுப் போருக்குப் பின், 1867இல் கான்சாஸ் மாநிலத்து அபிலீனுக்கு டெக்சாசிலிருந்து மாட்டு மந்தைகள் செல்லத் தொடங்கின. மந்தையோட்டும் ஒவ்வொருவனுக்கும் ஆறு முதல் பத்துக் குதிரைகள் வரை ஒதுக்கப்பட்டன. ஒன்று களைத்தால் மற்றொன்று. குதிரைகள் முதலாளியுடையவை. சேணம் அவனுடையது. மாதம் முப்பது, நாற்பது டாலர் ஊதியம் பெற்றவன் ஏறத்தாழ ஒரு மாத ஊதியத்தையோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கிய ஒரே பெருஞ்சொத்து. ஒருவன் தன் சேணத்தை விற்றுவிட்டான் என்றால் எல்லாம் இழந்துவிட்டான் என்று அவர்கள் பேச்சில் பொருள். நாள்முழுதும் அமர்ந்தும், இரவில் அதிலேயே தலைவைத்தும் கிடந்த அச்சேணம் அவன் உடலோடு பழகியிருந்தது. அதை அவன் பத்துக் குதிரைகளின் மேலும் மாற்றி மாற்றிப் போட்டான். உயர்ந்த தோள்மேடு கொண்டதும், தட்டையானதும், இளையதும், கிழடும் எல்லாம் அவற்றுள் இருக்கும். ஒரு செருப்பைப் பத்துப் பேர் அணிவது போன்றது இது.

அவன் கொடியவன் அல்லன். முதுகு புண்ணான குதிரை மறுநாள் உதவாது என்பதை யாரைவிடவும் அவனே அறிவான். குதிரைக்கு ஒரு சேணம் வாங்க அவனால் இயலாது, அவ்வளவே. சுழற்சி முறையே குதிரைகளுக்கு ஓய்வு தந்து காத்தது எனலாம்.

படையின் கதை வேறு. ஜார்ஜ் மக்லெல்லன் என்னும் அதிகாரி 1855, 1856 ஆண்டுகளில் ஐரோப்பியப் படைகளைக் காணச் சென்று திரும்பி, புதிய சேணம் ஒன்றை முன்மொழிந்தார். அங்கேரியச் சேணத்தைத் தழுவியது என்று அவர் சொன்னார். அமெரிக்கப் போர்த்துறை 1859இல் அதை ஏற்றது. இரு பட்டைகளுக்கும் நடுவே முதுகெலும்பின் நீளத்துக்குத் திறந்த இடைவெளி, பச்சைத்தோல் மட்டும் போர்த்திய சட்டகம், குறைந்த எடை, மலிவு. தண்டெலும்புக்குக் காற்றோட்டம் தந்த நல்ல எண்ணம் அதில் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை மாற்றங்களோடு அது வழக்கில் நின்றது.

ஆனால் படைக்கான சேணம் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வருவது. இருக்கையின் நீளத்தில் சில அளவுகள் வைத்தனர், அது வீரனுக்காக. மேலும், போர்க்களத்தில் தீனி குறைந்து குதிரை மெலிந்தபோது தோள்மேட்டின் இருபுறத் தசையும் வற்றியது. புறப்படும்போது பொருந்திய மரம் இப்போது தாழ்ந்து எலும்பைத் தொட்டது. 1861 முதல் 1865 வரை நடந்த அப்போரில் குதிரைகளின் முதுகுப்புண் படையணிகளின் ஓயாத துயரமாயிற்று. குதிரைகளைத் திரட்டவும் பராமரிக்கவும் 1863இல் தனியாக ஒரு குதிரைப்படை அலுவலகமே அமைக்க நேர்ந்தது.

மூன்றாவது சான்று விளையாட்டுக் களத்திலிருந்து. முரட்டுக் குதிரை ஏறும் போட்டிகளில் ஆளுக்கொரு சேணம் கொண்டுவந்தால் நடுநிலை கெடுகிறது என்று, 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெண்டில்டன் முதலிய நகரங்களின் போட்டிக் குழுக்கள் கூடி ஒரே அளவுள்ள சேணமரத்தை நிர்ணயித்தன. ஏறுவோர் அனைவர்க்கும் சம வாய்ப்பு. நியாயமான ஏற்பாடுதான். அந்த நியாயத்தில் குதிரை ஒரு தரப்பாக எண்ணப்படவில்லை.

பின்னர்க் குதிரையே மாறியது. பரந்த முதுகும் தட்டையான தோள்மேடும் கொண்ட குவார்ட்டர் இனக் குதிரைகளுக்கான சங்கம் 1940இல் நிறுவப்பட்டது. பழைய ஒல்லிக் குதிரைகளுக்கான மரம் இவற்றின்மேல் பொருந்தவில்லை. சந்தை, ‘முழு குவார்ட்டர்’, ‘அரை குவார்ட்டர்’ என்று பட்டைகளுக்கு அளவுப்பெயர் சூட்டியது. முதன்முறையாகக் குதிரையின் பெயரால் ஓர் அளவு! ஆனால் அப்பெயர்களுக்குப் பொதுவான வரையறை எதுவும் இல்லை. ஒருவரின் ‘முழு’ இன்னொருவரின் ‘அரை’யாக இருத்தல் கூடும். கவையின் இடைவெளி ஆறரை அங்குலம் என்பார்கள். எங்கிருந்து எங்கே அளந்தது என்பதில் ஒருவர்க்கொருவர் வேறுபடுவர். சாய்வும் முறுக்கும் வளைவும் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்குவதும் இல்லை.

முதுகை வாசித்தல்

பொருத்தம் பார்ப்பவர்கள் செய்வதை அறிந்தபோது, அதுவும் ஒருவகை உரைகாணல் என்றே நமக்குத் தோன்றியது. முதலில் விரிப்பு எதுவுமின்றி வெறும் சேணத்தை முதுகில் வைத்துப் பார்க்கிறார்கள். தோள்மேட்டுக்கும் கவையின் அடிப்புறத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடம் வேண்டும். மரம் மிக அகலமானால் முன்பக்கம் தாழ்ந்து எலும்பில் உட்காரும். மிகக் குறுகினால் மேலே தூக்கி நின்று இருபுறமும் கவ்வும். பட்டையின் வளைவு குறைந்தால் முன்முனைகளும் பின்முனைகளும் மட்டும் அழுந்தி, நடுவே பாலம் போல் வெற்றிடம் நிற்கும். எடை முழுதும் நான்கு மூலைகளில். வளைவு மிகுந்தால் தொட்டில் போல ஆடி, நடுவே ஓரிடத்தில் அழுத்தும்.

குறுகிய சேணத்துக்கு மேலும் ஒரு விரிப்பைப் போடுவது பலரும் செய்யும் தவறு. இறுகிய காலணிக்குள் இன்னொரு காலுறை அணிவதை ஒத்தது அது.

பின்னர் ஏறிச் சென்று திரும்பி, சேணத்தை அவிழ்த்து வியர்வையைப் பார்க்கிறார்கள். முதுகு முழுதும் சீராக நனைந்து, ஓரிரு இடம் மட்டும் காய்ந்து கிடந்தால் அங்கே அழுத்தம் மிகுந்து வியர்வை தடைபட்டிருக்கலாம். மரம் தொடாத வெற்றிடமும் காய்ந்தே இருக்கலாம். எது என்று கையால் தடவி, குதிரை சுளிக்கிறதா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 1990களிலிருந்து அழுத்தத்தைக் கணினியில் வண்ணமாகக் காட்டும் விரிப்புகளும் வந்துள்ளன. மரத்தச்சர்கள் குதிரையின் முதுகை வளைவு அட்டைகளாலும் வார்ப்பாலும் அளந்து, அதற்கேற்பச் செதுக்கித் தருகின்றனர். நெகிழியில் வார்த்த மலிவான சட்டகங்களும் சந்தையில் நிறைய உண்டு.

எல்லாவற்றிலும் வெளிப்படையான குறி வேறொன்று. அழுத்தம் நீடித்துத் தோலின் மயிர்க்கால்கள் கெட்டால், அவ்விடத்தில் பின்னர் முளைக்கும் மயிர் வெண்மையாக வரும். செந்நிறக் குதிரையின் தோள்மேட்டின் இருபுறமும் காணும் வெள்ளைத் திட்டுகள் பிறவி அழகல்ல. பழைய சேணம் ஒன்று எழுதிச்சென்ற குறிப்பு. புண் ஆறிய பின்னும், சேணம் மாறிய பின்னும், உடைமையாளர் மாறிய பின்னும் அது அழிவதில்லை.

இலக்கியம் குதிரைக்கு வாய் கொடுத்துப் பார்த்ததுண்டு. அன்னா சியூவலின் ‘பிளாக் பியூட்டி’ 1877இலும், தல்ஸ்தோயின் ‘ஹல்ஸ்தமேர்’ 1886இலும் வெளிவந்தன. இரண்டிலும் குதிரையே தன் கதையைச் சொல்கிறது. அவற்றை நாம் விரும்பிப் படித்திருக்கிறோம். எனினும் குதிரைக்கு வாய் கொடுக்க வேண்டிய தேவையே இல்லையோ என்று இப்போது ஐயம் எழுகிறது. முள்ளெலும்பில் ஒன்றும் மயிரில் ஒன்றுமாக அது எழுதிவைத்தே இருக்கிறது. சேணத்தின் வரலாற்றை இருக்கையின் பக்கமிருந்தே எழுதிப் பழகிய நாம்தான் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. விலை கொடுப்பவன் மேலே அமர்கிறான். வசதியா என்று கேட்டால் அவனே விடை சொல்கிறான். இடையில் இருக்கும் மரம் ஒன்றே இருவரையும் தொடுகிறது. அதன் மேற்புறம் மனிதனின் அளவு; கீழ்ப்புறம் குதிரையின் அளவு. நல்ல தச்சன் இரண்டையும் ஒரே கட்டையில் செதுக்க வேண்டியவன்.

அம்மாணவருக்கு விடை சொல்ல நமக்கு ஓராண்டு ஆயிற்று. சேணமரம் முறிந்தால் கவை அகன்று, மேலிருக்கும் எடையும் கயிற்றின் விசையும் நேராகத் தோள்மேட்டில் இறங்கும். முறிந்த முனை முதுகில் குத்தும். விழுந்தவன் எழுந்து நடக்கலாம். குதிரைக்குக் கேடு பெரிது. அவர் இப்போது தென்மாவட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். தொலைபேசியில் இதைச் சொன்னபோது சிறிது நேரம் பேசாதிருந்து, “அப்படியென்றால் கதாசிரியர் அந்த இடத்தில் ஒரு வரி விட்டுவிட்டார், ஐயா” என்றார்.

நாம் அன்று சிவப்பு மையால் சுழித்த விடைத்தாளை எண்ணி நாணினோம்.